எண்ணிவிட்டுக் கூப்பிடு

“நீங்க அன்னிக்குச் சொன்னதுக்கு அப்புறம், கையில நம்பர் இல்லாம நான் எந்த டாக்டரையும் கூப்பிட்டதே இல்ல, சிஸ்டர்.”

வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு முடியும் தறுவாயில் ஓர் இளம் செவிலியர் என்னிடம் இப்படிச் சொன்னார். நன்றியோடுதான் சொன்னார், நானும் மகிழ்ச்சியோடுதான் கேட்டுக்கொண்டேன். டூட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் அந்தப் பாராட்டுக்குள் இருந்த இன்னொரு செய்தி உறைத்தது. அப்படியானால், மூச்சு, பல்ஸ் என்று எடுத்துச் சொல்லும்படியான ஒரு நம்பர் கைக்கு வராத இரவுகளில் அவர் யாரையுமே கூப்பிடவில்லை. அந்த இரவுகளில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. ஒன்றும் நடக்காமலே இருந்திருக்கலாம்.

அவர் குறிப்பிட்ட ‘அன்னிக்கு’ என்பது குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஒரு நோயாளியைப் பற்றியது. நைட் டூட்டியில் பாதி இரவு கடந்தபின் அவர் என்னிடம் வந்து, “டாக்டரைக் கூப்பிடலாமா, சிஸ்டர்?” என்றார். கூப்பிட்டு என்ன சொல்வாய் என்று கேட்டேன். “ஏதோ சரியில்லைன்னு தோணுது” என்றார். தோன்றுவதை எல்லாம் போனில் சொல்ல முடியாது, முதலில் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிவிட்டு வா, பிறகு கூப்பிடு என்றேன். நான் சொன்னது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, அவரைச் சிறுமைப்படுத்தவும் இல்லை. இன்றைக்கு அதே கேள்வி வந்தாலும் முதல் பதிலாக இதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஏன் மூச்சை எண்ணச் சொன்னேன் என்பது வார்டில் வேலை செய்த யாருக்கும் தெரியும். பல்ஸ், பி.பி., சாச்சுரேஷன் (இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு) ஆகியவற்றை மானிட்டர் காட்டிவிடும்; மூச்சை மட்டும் பெரும்பாலான வார்டுகளில் இன்னும் மனிதர்தான் நின்று எண்ண வேண்டும். அதனால்தான் எந்த சார்ட்டைப் புரட்டினாலும், தூங்குபவர், நடப்பவர், வலியில் முனகுபவர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் ‘20’ என்று எழுதப்பட்டிருக்கிறது. உடம்பு சீர்குலையத் தொடங்கும்போது மூச்சுதான் பெரும்பாலும் முதலில் மாறும். கிருமித்தொற்று பரவி இரத்தத்தில் அமிலம் கூடினால், அதைக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்ற உடம்பு மூச்சின் வேகத்தைக் கூட்டுகிறது. வயது குறைந்தவராக இருந்தால் பி.பி. கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்கும். அது விழும் நேரத்தில் நமக்கு அவகாசம் அதிகம் இருக்காது. எண்ணப்படுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

அவர் எண்ணிக்கொண்டு வந்தது 22. சார்ட்டில் முந்தைய ஷிஃப்டில் எழுதப்பட்டிருந்தது, சொல்லவே வேண்டாம், 20. பல்ஸ் 96, பி.பி. 118/76, வெப்பநிலை 37.8 டிகிரி செல்சியஸ், சாச்சுரேஷன் 96. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய ‘நியூஸ்’ என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில் இதைப் போட்டுப் பாருங்கள். பல்ஸ் 90-ஐத் தாண்டியதற்கு 1. மூச்சு 21-க்கும் 24-க்கும் இடையில் இருப்பதற்கு 2. மற்றவற்றுக்கு ஒன்றும் இல்லை. மொத்தம் 3. மொத்தம் 5-ஐத் தொட்டால்தான், அல்லது ஏதாவது ஒன்று மட்டுமே 3 வாங்கினால்தான், அந்த முறைப்படி அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே என்ன செய்வது என்பதைச் செவிலியரே தீர்மானித்துக்கொள்ளலாம். ஆகவே எண் எங்களைக் கூப்பிடச் சொல்லவில்லை. கூப்பிட்டால் சொல்வதற்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தது, அவ்வளவே.

கூப்பிடு என்றேன். போனை எடுக்கும் முன் கேஸ் ஷீட், மருந்து சார்ட், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படி வரிசை அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் பயன்பட்டு மருத்துவமனைகளுக்கு வந்தது. புதியவர்கள் முதல் மூன்றையும் ஒப்பித்துவிட்டு நான்காவதில் நின்றுவிடுவார்கள். மருத்துவரிடம் நாம் எப்படிப் பரிந்துரைப்பது என்ற கூச்சம். பெரிதாக ஒன்றும் தேவையில்லை, ‘நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும்’ என்பதே போதுமான பரிந்துரை. அந்தப் பெண் அதைச் சொன்னார். டாக்டர் சலிப்போடு வந்தார், வயிற்றைத் தொட்டதும் சலிப்பு போய்விட்டது. குடலில் தையல் போட்ட இடத்தில் கசிவு. விடிவதற்குள் நோயாளி மீண்டும் தியேட்டருக்குப் போனார், பிழைத்தார்.

ஆகவே என் அறிவுரை பலித்தது. பலித்ததுதான் இப்போது தொந்தரவாக இருக்கிறது. அவர் எண்ணியது 18 ஆக இருந்திருந்தால்? அப்போதும் கூப்பிடு என்றுதான் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள்களில் அதை நம்புகிறேன். வேறு சில நாள்களில், ‘ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்’ என்று சொல்லியிருப்பேனோ என்று தோன்றுகிறது. அதுவும் தவறான பதில் அல்ல, எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் பதில்தான். ஆனால் அந்த நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போயிருக்கும் என்பதை என்னால் சொல்ல முடியாது.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘தோணுது’ என்று கூப்பிட்ட புதியவர்கள் போனில் வாங்கிய வசவுகளை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். “இதுக்கா எழுப்பினே?” என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்ற ஒருவர், அடுத்த முறை கூப்பிடுவதற்கு முன் ஒன்றுக்குப் பத்து முறை யோசிப்பார், அதற்கடுத்த முறை கூப்பிடவே மாட்டார். எண் என்பது புதியவருக்குக் கிடைக்கும் கவசம். பணி அனுபவமோ பெயரோ இன்னும் சேராத ஒருவர், தூக்கம் கலைந்த மூத்தவரிடம் பேசும்போது பற்றிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? அந்தக் கவசத்தைத்தான் நான் கொடுத்தேன். கவசம் இல்லாதபோது களத்துக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. அவர் அப்படிக் கேட்டுக்கொண்டார். அல்லது அப்படிக் கேட்கும்படி நான் சொன்னேன்.

இதில் நான் அன்று கேட்காமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. எதைப் பார்த்து உனக்கு அப்படித் தோன்றியது என்று பின்னாளில்தான் விசாரித்தேன். முந்தைய இரவு முழுக்க அந்த நோயாளி தலையணையை ஏற்றி வை, இறக்கி வை, திருப்பி வை என்று அவரை ஓடவிட்டிருக்கிறார். நாங்கள் டாக்டரைக் கூப்பிட்ட இரவிலோ ஒருமுறைகூட எதுவும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிக்கொண்டே, போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்திருக்கிறார். இரண்டு இரவும் தொடர்ந்து பார்த்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய மாற்றம் அது. ‘நியூஸ்’ முறையில் அதற்கு ஓர் எண் இல்லை.

முறைகளை வகுத்தவர்களுக்கு இது தெரியாததல்ல. சிட்னியில் உள்ள லிவர்பூல் மருத்துவமனையில் 1990-இல் அவசர மருத்துவக் குழுவை அமைத்தபோதே, பல்ஸ், மூச்சு போன்ற வரம்புகளோடு, ஊழியருக்குக் கவலை இருந்தாலே கூப்பிடலாம் என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். ‘நியூஸ்’ வழிகாட்டியும் மதிப்பெண் எதுவானாலும் செவிலியரின் கவலையே மருத்துவரை அழைக்கப் போதும் என்கிறது. காகிதத்தில் உள்ள இந்த அனுமதி போனின் மறுமுனையில் உள்ளவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

மறுமுனை என்றதும் நர்ஸ் பிராக்டிஷனர்களைப் பற்றி, அதாவது மேற்படிப்பு முடித்து நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் செவிலியர்களைப் பற்றி, ஒரு வார்த்தை. 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இந்தப் பணிக்கான முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். வார்டில் பல ஆண்டுகள் கூப்பிடுபவராக இருந்து, மேற்படிப்பு முடித்து, திடீரென்று கூப்பிடப்படுபவராக மாறும்போது, நேற்றுவரை கைவந்த வேலையில் இருந்தவர் மறுபடி கற்றுக்குட்டியாகிறார். தீர்மானிக்க வேண்டியவர் தாம்தான் என்ற பயத்தில் அவர்களும் முதலில் எண்ணைத்தான் கேட்கிறார்கள். புதிதாக அந்த வேலைக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, எண்ணைக் கேட்கும் முன் ‘நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேளுங்கள் என்பதே. அதை அன்றிரவு நானே கேட்டிருக்கலாம் என்பார்கள். கேட்டிருக்கலாம். ஆனால் எண்ணியதால்தான் டாக்டர் எழுந்து வந்தார்.

இப்போது புதியவர்களிடம் சற்று மாற்றிச் சொல்கிறேன்: எண்ணு, எண் சரியாக இருந்தாலும் கவலை தீரவில்லை என்றால் கூப்பிடு, ஆனால் எதைப் பார்த்துக் கவலைப்பட்டாய் என்பதை ஒரு வாக்கியமாகச் சொல்லத் தயாராக இரு, கூப்பிட்ட நேரத்தையும் கிடைத்த பதிலையும் குறிப்பில் எழுது. இதைச் சொன்னபோது என்னோடு நெடுங்காலம் வேலை செய்த தோழி சிரித்தார். “முன்னாடி நம்பர் கேட்டே, இப்போ வாக்கியம் கேக்குறே. ரெண்டும் கையில இல்லாத பொண்ணு அன்னிக்கு யாரைக் கூப்பிடுவா?” என்றார். என்னைக் கூப்பிடட்டும் என்றேன். “நீ லீவுல இருந்தா?” என்றார். அதற்குப் பதில் சொல்வதற்குள் கட்டில் மணி அடித்தது, இருவரும் எழுந்து போனோம். பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.