ஏசிக்குள் குடித்தனம் வந்த எலி

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டதும் அணைத்த ஏசியை இந்த வருஷம் மாசி கடைசியில்தான் மறுபடி போட்டேன். ஐந்து நிமிடத்தில் அறை முழுக்க ஒரு வாடை. நாலு மாதம் சும்மா கிடந்த மெஷின், தூசியாக இருக்கும் என்று நினைத்து ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். வாடை போகவில்லை. அம்மா வந்தாள், அறைக்குள்கூட வரவில்லை, வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு "இது தூசி இல்லடா, எலி மூத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் நம்பவில்லை. ஏழடி உயரத்தில் சுவரில் தொங்குகிற டப்பாவுக்குள் எலி எப்படிப் போகும்?

மூன்றாம் நாள் ஏசி நின்றே போனது. மெக்கானிக் வந்து முன்மூடியைக் கழற்றியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சார், குடும்பமே நடத்தியிருக்கு சார்." உள்ளே ஒரு மூலையில் காய்ந்த மாவிலை, மகளின் நோட்டுக் காகிதம், காப்பர் பைப்பைச் சுற்றியிருந்த கறுப்பு ஃபோமின் துணுக்குகள், எல்லாம் சேர்த்துப் பின்னிய ஒரு கூடு. ஆள் மட்டும் இல்லை. சென்சார் வயர் இரண்டாகத் துண்டிக்கப்பட்டிருந்தது, ஏசியை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டில் (பிசிபி) மூத்திரம் பட்டுப் பச்சை பூத்திருந்தது. போர்டும் கூலியும் சேர்த்து 7,200 ரூபாய். வாரண்டி இருக்கிறதே என்றேன். "எலி, பல்லி, பூச்சியால கெட்டா வாரண்டி வராது சார், அட்டையைப் படிச்சுப் பாருங்க." படித்தேன். பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது.

எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. யூனிட்டின் கீழ்ப்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடித்து, பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். ஏசி மாட்டும்போது குழாய்கள் வெளியே போக சுவரில் இரண்டரை அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போடுவார்கள் அல்லவா, அதில் இரண்டு காப்பர் பைப், ஒரு வயர், தண்ணீர் வெளியேற ஒரு ட்ரெய்ன் பைப் போனது போக மிச்சம் என் கட்டைவிரல் தாராளமாக நுழைகிற அளவுக்குச் சந்து. உள்பக்கம் யூனிட் மறைத்துக்கொள்ளும், யார் கண்ணிலும் படாது. வெளிப்பக்கம், மாட்டியவர்கள் ஒரு தெர்மாகோல் துண்டைத் திணித்து மேலே கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்கும். ஓட்டை வழியாக மாமரம் தெரிந்தது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இந்த ஓட்டையைப் பற்றித்தான். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும், அதாவது ஒரு பென்சில் கனம். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர். மண்டை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். கட்டைவிரல் போகிற சந்து என்பது அதற்கு ராஜகோபுர வாசல்.

நம் வீடுகளில் எலி என்று பொதுவாகச் சொன்னாலும் ஆட்கள் வேறு வேறு. ஏசிக்குள் வருவது ஏறத் தெரிந்த வீட்டெலி: மரம், கேபிள், மழைநீர்க் குழாய் எதைப் பிடித்தும் மாடிக்கு வந்துவிடும். பெருச்சாளி மண்ணைத் தோண்டுகிற ஜாதி, அதனால் தரையோடு வைத்த அவுட்டோர் யூனிட் என்றால்தான் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். மூஞ்சூறு எலியே இல்லை. பிள்ளையாருக்கு வாகனமாக இருந்துகொண்டு அநியாயமாக அடி வாங்குகிற அந்தப் பிராணி பூச்சிகளைத் தின்று வாழ்வது, வயரைக் கடிக்கிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. எலிக்கோ முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கறுப்பு ஃபோம் கடிக்கவும் மெத்து, கூட்டுக்கும் மெத்து. ஃபோம் போன குளிர்ந்த பைப் வியர்க்கும், அந்தத் தண்ணீர் சுவரில் இறங்கும். போன வெயிலில் பெயிண்ட் உப்பியபோது மொட்டை மாடி ஒழுகுகிறது என்று நினைத்து நான் காசு செலவழித்தது வேறு கதை.

ஏன் ஏசியைத் தேடி வருகிறது? ஐப்பசி, கார்த்திகையில் வெளியே எங்கும் ஈரம், பொந்துகளில் தண்ணீர். அதே சமயத்தில்தான் நாம் ஏசியை அணைத்துவிட்டுப் போர்வையை எடுக்கிறோம். சத்தம் இல்லை, காற்று இல்லை, காய்ந்த இடம், பூனை எட்டாத உயரம். பிரசவத்துக்கு இதைவிட நல்ல அறை எது? மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும்.

அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறாள், அவளிடம் புலம்பியபோது அவள் கதை இன்னும் மோசம். அங்கே குளிர் தொடங்கும் அக்டோபரில் சுண்டெலிகள் வீட்டுக்குள் வரப் பார்க்கும். பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ், அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் சூடான காற்று போகிற குழாய், அதாவது டக்ட். நமக்காவது ஒரு அறையோடு போகிறது, அவளுக்கு ஒரு எலி டக்டில் செத்தால் ஹீட்டர் ஓடும்போதெல்லாம் வீடு முழுக்க வாடை. எந்த வழியாக வந்ததாம்? ஏசியின் காப்பர் பைப் வெளிச்சுவரில் நுழைகிற இடத்துச் சந்து வழியாகத்தான். நாடு மாறினாலும் ஓட்டை மாறவில்லை.

சரி, ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் மருந்து வைக்கச் சொன்னார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மருந்து தின்ற எலி நமக்கு வசதியான இடம் பார்த்துச் சாகாது, சுவருக்குள்ளோ யூனிட்டுக்குள்ளோ போய்ச் செத்தால் அந்த நாற்றத்துக்கு மருந்து கிடையாது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலி மருந்து வைத்திருந்த நிலையில், இரவு ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். நாங்கள் இருக்கிற தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் ஒன்றும் தூரமில்லை, அந்த வாரம் எங்கள் தெருவில் வேறு பேச்சே கிடையாது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாஸ்பைடு வகை மருந்துகள் ஈரம் பட்டால் பாஸ்பின் என்ற நச்சு வாயுவை விடும். பூட்டிய அறையில் அது எங்கே போகும்? அதனால் ஏசி அறையில் மருந்து என்ற பேச்சே கூடாது, யார் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாலும்.

மச்சான் ஒரு அல்ட்ராசோனிக் கருவி வாங்கிக் கொடுத்தார். பிளக்கில் செருகினால் மனிதக் காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டுமாம். ஒரு வாரம் கழித்து அந்தக் கருவிக்கு நேர் கீழேயே புழுக்கை கிடந்தது. பிறகு தேடிப் பார்த்தால், அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே இந்தக் கருவிகளைச் செய்பவர்கள், விற்பவர்கள் 60க்கும் மேற்பட்டவர்களுக்கு, நிரூபிக்காமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசியில் வேலை செய்தது பழைய மரப்பொறியும் மசால் வடையும்தான். எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். அதனால் முதல் மூன்று ராத்திரி பொறியை விசை போடாமல் வெறுமனே வடையோடு வைத்தேன், தின்று பழகட்டும் என்று. நாலாவது ராத்திரி விசை போட்டேன். விழுந்தது. அப்புறம் அதை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள்.

ஓட்டையை அடைப்பதற்கு முன் உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சமாதி கட்டியதாக ஆகிவிடும். ஓட்டை வாயில் ஒரு காகித உருண்டையைச் செருகி இரண்டு நாள் பார்த்தேன், அசையவில்லை. பிறகு பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி நார் எட்டு உருண்டை வாங்கி, குழாய்களுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி அடைத்தேன். சாதாரண இரும்பு நார் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அதற்கு மேல் இரண்டு பக்கமும் சிமெண்ட் கலவை. ஸ்ப்ரே ஃபோம் அடித்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னார், ஆனால் ஃபோமை மட்டும் அடித்தால் அது எலிக்குக் கேக் மாதிரி. ட்ரெய்ன் பைப்பை நசுக்கிவிடாமல் அடைக்க வேண்டும், முதல் தடவை நான் நசுக்கிவிட்டு, தண்ணீர் கட்டிலில் சொட்டியது. அதன் வெளி முனையில் நைலான் வலை கட்டலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. பொடிக்கண் வலையில் பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும் என்று மெக்கானிக் தடுத்துவிட்டார். கொஞ்சம் பெரிய கண்ணுள்ள கம்பி வலையை வைத்து மாதம் ஒருமுறை கழுவுகிறேன்.

சன்ஷேடில் இருக்கிற அவுட்டோர் யூனிட்டையும் பார்த்தோம். வயர் நுழைகிற பக்கத்து மூடியில் ஒரு திருகைக் காணோம், மூடி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மெக்கானிக் திருகு போட்டு, வெளியே தெரிந்த வயரை இரும்பு ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள் விட்டார். யூனிட் முழுவதையும் வலையால் மூடிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் சார், பின்னால் காற்று இழுக்கணும், முன்னால் காற்று தள்ளணும், மூடினா கம்ப்ரஸர் செத்துடும் என்றார். இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள். எம்சிபி சுவிட்சை அணைத்த பிறகும், உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும்.

சுத்தம் செய்வது பற்றி ஒன்று. புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசியாகக் கிளம்பி மூக்குக்குள் போகும். எலிக் காய்ச்சல் பரவுவதே எலி மூத்திரத்தால்தான், வெறுங்கையால் தொடவும் கூடாது. கையுறை, மாஸ்க் போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் ஒற்றி எடுத்தோம். இது தரைக்கும் பிளாஸ்டிக் மூடிக்கும் மட்டும். உள்ளே காற்றைக் குளிர வைக்கிற காயிலின் அலுமினியத் தகடுகளை ப்ளீச் அரித்துவிடும், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன்.

சன்ஷேடைத் தொட்டுக்கொண்டிருந்த மாங்கிளையை நாலடி தள்ளி வெட்டியாயிற்று. அம்மாவுக்கு வருத்தம், அந்தக் கிளையில்தான் நிறையக் காய்க்குமாம். இந்த மழைக்காலம் முழுக்க, குளிரோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஏசியைப் போடப் போகிறேன். சத்தத்துக்கு எலி ஓடினால் நல்லது, ஓடாவிட்டாலும் வாடை ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். மாசி வரை காத்திருக்க வேண்டாம். மோந்து பார்க்கத்தான் அம்மா இருக்கிறாளே.