மூன்று மாதம் கழித்து டாலர் என்ன விலை?

"ஃபியூச்சர்ஸில் டாலர் விலை கூடுதலாக இருக்கிறதே, ரூபாய் சரியப்போகிறது என்றுதானே பொருள்?" திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக் கணக்குப் பார்க்கும் என்னிடம், பயிற்சிக்கு வரும் எம்.காம். மாணவர்கள் தவறாமல் கேட்பது இது. ஃபியூச்சர்ஸ் என்பது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம். அதில் விலை கூடுதலாக இருந்தால் ரூபாய் சரியும் என்று பொருள் இல்லை. அது ஆரூடம் அல்ல, வட்டிக் கணக்கு.

டாலர் இன்று 84 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி இங்கே 6.5 சதவீதம், அமெரிக்காவில் 4.5. மூன்று மாதத்தில் 84 ரூபாய் 85.365 ஆகும், ஒரு டாலர் 1.01125 டாலர் ஆகும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் சுமார் 84.42. மூன்று மாத ஃபியூச்சர்ஸ் இருக்கவேண்டிய விலை இதுதான், இன்றைய விலையைவிட 42 காசு கூடுதல். ஃபியூச்சர்ஸ் 85 ரூபாய்க்குப் போனால் என்ன ஆகும்? ரூபாயில் கடன் எடுத்து, டாலர் வாங்கி வைப்பில் போட்டு, ஃபியூச்சர்ஸை விற்றுவிட்டு டாலருக்கு 59 காசு லாபம் பார்ப்பார்கள். அந்த விற்பனையே விலையை இறக்கிவிடும்.

தேசியப் பங்குச் சந்தையில் 2008 ஆகஸ்டில் தொடங்கிய டாலர் ஒப்பந்தம் ஒன்றின் அளவு 1,000 டாலர். முடிவில் டாலர் கைக்கு வராது. வித்தியாசம் மட்டும் ரூபாயில் தீர்க்கப்படும்.

டாலர் வரவேண்டிய ஏற்றுமதியாளருக்கு அந்த 42 காசு வரவு. பின்னல் இயந்திரம் இறக்குமதி செய்பவருக்கு அதுவே செலவு. எங்கள் முதலாளிக்கு முதல் பாதி மட்டும் உடனே புரிந்துவிடும்.