ஆர்டிஐ நகர்ந்த கதை

பொழுதுபோக்காக எழுதும் என் குட்டி கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி), 64 பிட் எக்ஸ்86 பிராசசருக்கானது, கியூஎமு என்ற மென்பொருள் கம்ப்யூட்டரில் ஓடுவது. இரண்டு வருடமாக ஆப்டிமைசேஷனே (கம்பைலர் நிரலை வேகமாக்குவது) இல்லாத ஓ0 நிலையில்தான் கம்பைல் செய்துவந்தேன். ஒரு சனிக்கிழமை ஆசையாக, ஆப்டிமைசேஷனுள்ள ஓ2 போட்டேன். பூட் ஆவதும் ரீசெட் ஆவதுமாகச் சுற்ற ஆரம்பித்தது.

ட்ரிபிள் ஃபால்ட்: பிழையைக் கையாளப் போன இடத்திலும் அடுத்தடுத்துப் பிழை வந்து பிராசசர் கைவிட்டுவிடுவது. கியூஎமுவை ரீபூட் செய்யவிடாமல் நிறுத்தி, இன்டரப்ட் (பிராசசரை இடைமறிக்கும் நிகழ்வு) லாக் எடுத்துப் பார்த்ததில், சிஆர்3 ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) பேஜ் டேபிளின் (மெமரி முகவரிகளுக்கான வரைபடம்) முகவரியை ஏற்றிய அடுத்த நொடியே பேஜ் ஃபால்ட், அதாவது முகவரி கிடைக்காத பிழை. டேபிளைத் திறந்தால் முதல் என்ட்ரி பூஜ்யம். நான் எழுதிய என்ட்ரி சரியாக 4096 பைட் தள்ளி, அடுத்த பேஜில் உட்கார்ந்திருந்தது.

பேஜைப் பூஜ்யமாக்கும் வேலையை 'ரெப் ஸ்டாஸ்பி' என்ற பிராசசர் கட்டளை கொண்டு இன்லைன் அசெம்பிளியில் (சி நிரலுக்குள்ளேயே எழுதும் பிராசசர் கட்டளைகள்) எழுதியிருந்தேன். அது ஒவ்வொரு பைட்டுக்கும், எழுதும் முகவரியை வைத்திருக்கும் ஆர்டிஐ ரெஜிஸ்டரை (தகவல் உரிமைச் சட்டம் இல்லை!) ஒன்று கூட்டும், எண்ணிக்கையை வைத்திருக்கும் ஆர்சிஎக்ஸை ஒன்று குறைக்கும். நானோ இரண்டையும் வெறும் இன்புட் என்று சொல்லிவைத்திருந்தேன். இன்புட் என்றால் ஜிசிசி கம்பைலர் அதை 'மாறாது' என்றே எடுத்துக்கொள்ளும். ஓ0-வில் ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கிலிருந்து மறுபடி படிப்பதால் குட்டு வெளிப்படவில்லை. ஓ2-வில் ஃபங்ஷன் அழைத்த இடத்திலேயே விரிக்கப்பட்டு இன்லைன் ஆனதும், ஆர்டிஐயில் இன்னும் பேஜின் தொடக்கம்தான் இருக்கிறது என்று நம்பி, ஆர்டிஐ காட்டிய இடத்திலேயே என்ட்ரியை எழுதிவிட்டது. பொய் சொன்னது நான், கம்பைலர் அல்ல.

கிளாபர் பட்டியலில் (அசெம்பிளி கெடுத்துவிடும் ரெஜிஸ்டர்களைச் சொல்லும் இடம்) ஆர்டிஐயைச் சேர்த்துப் பார்த்தேன். இன்புட்டாகக் கொடுத்த ரெஜிஸ்டரை அங்கே போடக்கூடாது என்று ஜிசிசி மறுத்துவிட்டது. பிளஸ் குறி போட்டு, 'படிப்பேன், மாற்றவும் செய்வேன்' என்று சொல்வதுதான் வழி. கூடவே, 'மெமரியும் மாறும்' என்று சொல்லும் மெமரி கிளாபர்.

சரி, ஒன்று இப்படி என்றால் மற்றவை? இன்லைன் அசெம்பிளியைத் தேடி கெர்னல் முழுக்க கிரெப் போட்டேன். நாற்பது சொச்சம் இடம். இன்டரப்டை அணைக்கும் சிஎல்ஐ, திறக்கும் எஸ்டிஐ இரண்டிலும் வாலடைல் ('நீக்காதே, ஒன்றாக்காதே' என்ற குறி) இருந்தது, மெமரி கிளாபர் இல்லை. வாலடைல் போட்டால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்; சாதாரண மெமரி எழுத்துகளை அதைத் தாண்டி நகர்த்தக் கம்பைலருக்குத் தடையே இல்லை. இன்டரப்டை அணைத்துவிட்டுத் தொடவேண்டிய ரன் க்யூவை (ஓடக் காத்திருக்கும் பணிகளின் வரிசை) அணைப்பதற்கு முன்பே தொட்டிருக்கலாம். பிராசசரின் நேரக் கணக்கைப் படிக்கும் ஆர்டிடிஎஸ்சி-யில் நேர்மாறு: வாலடைல் இல்லாததால், அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளையும் ஒன்றாக்கி, 'ஆன நேரம் 0' என்று காட்டியது. வேகம் என்றால் இதுவல்லவா வேகம்!

அப்புறம், தேவையில்லாத அசெம்பிளியை அழிக்கும் வேலை. பிட் தேடுவதற்கும் அட்டாமிக் (இடையில் எதுவும் புகமுடியாத) கூட்டலுக்கும் ஜிசிசியின் பில்ட்-இன்களே (கம்பைலரிலேயே உள்ள ஃபங்ஷன்கள்) இருக்கின்றன. மாற்றிய பிறகு ஆப்ஜ்டம்ப்பில் (கம்பைல் ஆனதை அசெம்பிளியாகக் காட்டும் கருவி) பார்த்தால் நான் எழுதியதைவிடச் சுருக்கமாக இருந்தது. ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்சை இன்லைனிலிருந்து பிடுங்கி, தனி அசெம்பிளி ஃபைலில் போட்டேன். லினக்ஸும் எக்ஸ்86-க்கு 2016-இல் இதையேதான் செய்தது. ஒரு கமிட்டுக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட். சலிப்பான வேலைதான், ஆனால் மொத்தமாக மாற்றியிருந்தால் எது உடைத்தது என்று தேடியே ஒரு வாரம் போயிருக்கும்.

ஒரு வரியை மட்டும் தொடவில்லை. பழைய இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க, 0x80 போர்ட்டுக்குச் சும்மா ஒரு பைட் அனுப்பும் வரி. கியூஎமுவுக்கு அது தேவையே இல்லை. பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் என்றைக்காவது பூட் செய்து பார்ப்பேன் என்று விட்டுவைத்திருக்கிறேன்.