பைபரியில் ஒரு காலைப்பொழுது

ஒருவழியாக நேற்று பைபரி போய்வந்தோம். இங்கிலாந்தில் கோல்ன் ஆற்றங்கரையில் இருக்கும் சின்னக் கிராமம். ஆறு என்கிறார்கள், நம் கண்ணுக்கு வாய்க்கால்தான். ஆனால் தண்ணீர் அப்படியொரு தெளிவு! பாலத்தில் நின்றால் ட்ரவுட் மீன்கள் எதிர்நீச்சல் போட்டபடி ஒரே இடத்தில் நிற்பது தெரிகிறது. வாத்துகளுக்குத்தான் மனிதர்கள் மேல் துளி பயமில்லை.

எல்லோரும் படமெடுப்பது ஆர்லிங்டன் ரோவை. 1380 வாக்கில் மடத்துக்காரர்கள் கட்டிய கம்பளிக் கிடங்கு. 17ஆம் நூற்றாண்டில் அதையே நெசவாளர் வீடுகளாக மாற்றிவிட்டார்கள். நெய்த துணியை எதிரே இருக்கும் ராக் ஐல் என்ற ஈரத்திட்டில் சட்டங்களில் மாட்டி உலர்த்துவார்களாம். இன்று அங்கே புல்லும் நீர்ப்பறவைகளும்தான்.

நான் அதிக நேரம் பார்த்தது கூரையை. ஓடு எல்லாம் கல். இறவாரத்தில் பெரிய கற்கள், மேலே போகப்போகச் சிறுத்து, உச்சியில் உள்ளங்கை அளவுக்கு வந்துவிடுகின்றன. சுவர் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். வெயில் பட்டதும் இன்னும் மஞ்சளானது.

19ஆம் நூற்றாண்டுக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் இதை இங்கிலாந்தின் மிக அழகான கிராமம் என்றாராம். சரி, அவர் வந்த காலத்தில் செல்ஃபி கூட்டம் இல்லை. அந்த வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதே பலருக்கு உறைக்கவில்லை. ஒருவர் ஜன்னலில் மூக்கை ஒட்டி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து திரையை இழுத்து மூடிவிட்டார்கள்.