‘நேற்று வந்திருக்கிறார்’: ஆங்கிலத்தில் எங்கே இடறுகிறது?

திருகோணமலையில் சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளில் அடிக்கடி சிவப்பு மை விழும் வசனம் ஒன்று உண்டு: “ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே”. இதைக் கவனக்குறைவு என்று ஏசக்கூடாது. பிள்ளை தமிழில் சரியாக யோசித்ததால் வந்த பிழை இது.

மேசையில் வாழைப்பழச் சீப்பைக் கண்டதும் “மாமா நேற்று வந்திருக்கிறார்” என்கிறோம். கண்ணால் காணாததை ஊகித்துச் சொல்லும் பேச்சு இது; ‘நேற்று’ அதில் உறுத்தாது. “ஹேஸ் கம்” அந்த ஊகத்தைத் தாங்காது. அது இப்போதைய நிலையோடு தொடுப்புள்ள வடிவம். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ டேய்ஸ் அகோ’ என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘ஹேவ்’ நிற்காது: “ஐ சோ ஹிம் யெஸ்டர்டே”. ‘வென்’ என்று கேட்கும்போதும் அப்படித்தான்: “வென் டிட் யூ கம்?”. மாமா வந்ததை ஊகமாகவே சொல்ல வேண்டுமென்றால் “ஹீ மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே”. இங்கே ‘மஸ்ட்’ முன்னால் நிற்பதால் ‘யெஸ்டர்டே’ வரலாம்.

நிலாவெளியில் வெளிநாட்டுப் பயணிகள் “ஹேவ் யூ பீன் டு பிஜன் ஐலண்ட்?” என்று கேட்டால், ‘போய் வந்திருக்கிறீர்களா’ என்று பொருள். “ஷீ ஹேஸ் கோன் டு கொலம்போ” என்றால் அக்கா கொழும்புக்குப் போயிட்டா, இன்னும் திரும்பவில்லை. திரும்பி வந்துவிட்டால் ‘பீன்’.

அடுத்தது “டிட் யூ வென்ட்?”. இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. ‘போகவில்லை’ என்கிறோம், ‘போனவில்லை’ என்பதில்லை. ‘இல்லை’ வந்ததும் ‘போ’ இறந்தகால உருவத்தை விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டிட்’ காலத்தை எடுத்துக்கொள்கிறது, வினை வெறும் ‘கோ’வாக நிற்கிறது: “டிட் யூ கோ?”, “ஐ டிட் நொட் கோ”.

ஒழுங்கில்லா வினைகளை அகரவரிசையில் மனனம் செய்வது வீண் பாடு. நான்கு கூட்டமாகப் பிரித்து எழுதுங்கள்: மூன்று வடிவங்களும் மாறாதவை (புட், புட், புட்), பின்னிரண்டும் ஒன்றானவை (பை, போட், போட்), முதலும் மூன்றும் ஒன்றானவை (கம், கேம், கம்), மூன்றும் வேறானவை (கோ, வென்ட், கோன்). ஒழுங்கான வினைகளில் ‘வான்ட்’, ‘நீட்’ போல டகர ஒலியில் முடிபவற்றுக்கு மட்டுமே ‘எட்’ தனி அசை. ‘குக்’கின் இறந்தகாலம் ‘குக்ட்’, ஒரே அசை. ‘குக்கெட்’ அல்ல.

இனி, எல்லாரையும் வதைக்கும் கூட்டு வினைகள், அதாவது ‘அப்’, ‘ஓஃப்’ போன்ற சிறு சொல்லோடு சோடி சேரும் வினைகள். ‘கைவிடு’ என்பதில் கை எங்கே இருக்கிறது? ‘கிவ் அப்’பும் அப்படித்தான், துண்டு துண்டாகப் பொருள் பார்த்தால் பிடிபடாது. ஆனால் ‘புட் ஓஃப்’ நம் ‘தள்ளிப்போடு’தான், கூறுகள்கூடப் பொருந்துகின்றன. சிக்கல் பொருளைவிடச் சொல் வரிசையில்தான் அதிகம். “புட் ஓஃப் த மீட்டிங்”, “புட் த மீட்டிங் ஓஃப்” இரண்டும் சரி. ‘இட்’ வந்தால் நடுவிலேதான் இடம்: “புட் இட் ஓஃப்”. ‘லுக் ஆப்டர்’, அதாவது பார்த்துக்கொள், பிரியவே பிரியாது: “லுக் ஆப்டர் ஹெர்”. ‘கிவ் அப்’புக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் ‘இங்’ வேண்டும்: “ஹீ கேவ் அப் ஸ்மோக்கிங்”. ‘டு ஸ்மோக்’ போட்டால் பிழை.

ஒரே சோடி இரண்டு விதமாகவும் நடக்கும். கோணேசர் கோயில் வாசலில் “டேக் ஓஃப் யுவர் ஸ்லிப்பர்ஸ்”, அல்லது “டேக் தெம் ஓஃப்”. கழற்றுவதற்கு ஒரு பொருள் வேண்டும். சீனக்குடாவில் விமானம் கிளம்பினால் “த ப்ளேன் டுக் ஓஃப்”, செயப்படுபொருளே இல்லை. ஆகவே கொப்பியில் வெறுமனே ‘டேக் ஓஃப்’ என்று எழுதாதீர்கள். ‘டேக் சம்திங் ஓஃப் – கழற்று’ ஒரு வரி, ‘டேக் ஓஃப் – விமானம் கிளம்பு’ இன்னொரு வரி. வாய்விட்டும் சொல்லிப் பாருங்கள்: “டேக் தெம் ஓஃப்” என்பதில் அழுத்தம் ‘ஓஃப்’ மேல் விழும், “லுக் ஆப்டர் ஹெர்” என்பதில் ‘லுக்’ மேல்.