கடைசிப் பக்கம்

1952இல் தொடங்கிய, சமூகப்பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் நம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்குக்கு 2027இல் 75 ஆண்டுகள் நிறைகின்றன. அந்தப் பவள விழாவை முன்னிட்டு, கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் ஒவ்வொருவரும் படித்து முடித்த பின் செய்த சாதனைகளை எழுதி அனுப்ப வேண்டும் என்று விழா மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். அந்த மடல் வந்த வாரத்திலேயே, எங்கள் களப்பணி மேற்பார்வையாளராக இருந்த மேடம் காலமானார் என்ற செய்தி எங்கள் 1995–97 வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் வந்தது. சாதனைகளை எழுத உட்கார்ந்த எனக்கு அவரைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை. எங்கள் வகுப்பைப் பொறுத்தவரை மேடம் என்றால் அவர் ஒருவர்தான். ஆகவே பெயர் வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை, களப்பணியில் பார்த்ததை எழுதிய ரெக்கார்டு நோட்டுடன் அவர் அறை வாசலில் நின்ற நிமிடங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். "இது ஏழ்மையான குடும்பம்" என்று எழுதியிருந்தால், ஓரத்தில் பச்சை மையில் "எதைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்டிருப்பார். அடுப்பில் என்ன இருந்தது, வீட்டுக்குள் மழைநீர் எதுவரை வந்தது, யார் சாப்பிடாமல் காத்திருந்தார் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனால்தான் அந்தப் பச்சை மை ஓயும். நம் பள்ளியை நிறுவிய மேரி கிளப்வாலா ஜாதவைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, தன் வாழ்நாள் முழுவதையும் தொண்டுக்குக் கொடுத்து, 1956இல் சென்னையின் ஷெரீப் என்ற கௌரவப் பதவியிலும் இருந்த அந்த அம்மையார், தொண்டு செய்வதற்கு நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று கருதியதால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பார். அதை மேடம் பெருமைக்காகச் சொன்னதில்லை. எங்களுக்கு இருக்கும் கடமையை நினைவூட்டுவதற்காகவே சொன்னார்.

இறுதியாண்டில் எனக்குக் களப்பணி ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் அமைந்தது. அங்கே நான் பொறுப்பேற்ற முதல் குழந்தை, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒன்பது வயதுப் பையன். வியாசர்பாடியில் வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருந்த அவன் தாய், வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லாரும் நர்ஸ்கள் என்ற எண்ணத்தில் என்னை "சிஸ்டர்" என்றே அழைப்பார். அந்த வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. அகன்ற மண்சட்டியில் ஈர மணலை நிரப்பி, நடுவில் ஒரு சிறு சட்டியைப் பதித்து, அதற்குள் மருந்துக் குப்பியை வைத்து ஈரத்துணியால் மூடும் முறையை அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். மறுவாரம் போனபோது, இட்லித் துணியைப் போலவே வெளுத்துத் துவைத்த துணி ஒன்று அந்தச் சட்டியின் மேல் கிடந்தது. பையனுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லிக் கொடுத்தேன். பெனடிக்ட் கரைசல் 5 மில்லியில் சிறுநீர் 8 சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் அளவு மிகுதி. அவன் அந்த நிறங்களை வாய்ப்பாடு போல ஒப்பிப்பான். நீலம் வந்த நாட்களில் குழாயை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துத் தெருவுக்கே காட்டுவான்.

பிப்ரவரிக்குப் பிறகு ஆய்வேடும் தேர்வும் நெருக்கியதால் நான் போவதை நிறுத்திவிட்டேன். தனிநபர் சமூகப்பணியில் ஒரு குடும்பத்துடன் உறவைத் தொடங்குவதற்கு எவ்வளவு முறை உண்டோ, அதை முடித்துவைப்பதற்கும் அவ்வளவு முறை உண்டு என்பதும், சில வாரங்களுக்கு முன்பே சொல்லி, அடுத்து யார் வருவார் என்று அறிமுகப்படுத்தி, அவர்கள் தம் வருத்தத்தைப் பேச இடம் கொடுத்துத்தான் விலக வேண்டும் என்பதும் நாம் எல்லாரும் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவைதாம். நான் தேர்வில் எழுதினேன், வியாசர்பாடியில் செய்யவில்லை. ஆனால் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில், தாயிடமும் குழந்தையிடமும் முறையாக விடைபெற்றதாகவும் அவர்கள் மனநிறைவுடன் ஏற்றுக்கொண்டதாகவும் எழுதிவைத்தேன். அந்த ரெக்கார்டுக்குத்தான் அந்த ஆண்டின் சிறந்த களப்பணிக்கான பரிசு கிடைத்தது.

பட்டம் பெறுவோரைப் பாராட்டும் விழா ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் நடந்தது. அப்பா ஊரிலிருந்து வேட்டி சட்டையில் வந்து மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தார். முதலிடம் பெற்றவர்கள், வளாக நேர்காணலில் வேலை பெற்றவர்கள், மேற்படிப்புக்குப் போகிறவர்கள் என்று பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அரங்கம் கைதட்டியது. என் பெயரும் வந்தது. மரக்கேடயத்தை அப்பாவின் கையில் கொடுத்தேன்; அவர் அதைத் துண்டால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். தேநீர் நேரத்தில் மேடம் எங்களிடம் வந்து அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"உன் ரெக்கார்டோட கடைசிப் பக்கம் உண்மையாம்மா?"

என்னால் வாய் திறக்க முடியவில்லை. முந்தைய வாரம் அவர் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, அந்தத் தாய் புறநோயாளிப் பிரிவு வரிசையில் நின்று, "சிஸ்டர் எப்ப வருவாங்க, பையன் தெனமும் கேக்குறான்" என்று அவரிடமே கேட்டிருக்கிறார். மூன்று புதன்கிழமைகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விவரம் புரியவில்லை, ஆனால் மகள் தலைகுனிந்து நிற்கிறாள் என்பது புரிந்தது. கேடயத்தை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். எந்தக் கண்டிப்பும் அந்தச் செயலைப் போல என்னைச் சுட்டதில்லை.

மேடம் பரிசைத் திருப்பிக் கேட்கவில்லை. "நாளைக்குப் புதன்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் போனேன். பையன் என்னுடன் பேச மறுத்துத் தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இனி நான் வரமாட்டேன் என்பதை அவனிடம் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று. சொன்ன பிறகுதான், கால்சட்டைப் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். நான் வராத நாட்களில் வந்த நிறங்களையெல்லாம் தேதி போட்டு அதில் எழுதி வைத்திருந்தான்.

2003இல் இங்கிலாந்துக்கு வந்தேன். விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி சித்திரவதைக்கு ஆளாகி 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இறந்தது பற்றிய விசாரணை அறிக்கை அந்த ஆண்டுதான், 108 பரிந்துரைகளுடன், வெளியாகியிருந்தது. குழந்தைகள் நலப் பணிக்கு ஆள் போதாமல் இங்குள்ள உள்ளாட்சி மன்றங்கள் நம் நாட்டிலிருந்தும் சமூகப்பணியாளர்களை அழைத்த காலம் அது. அந்தச் சிறுமி இறந்த அதே நாளில்தான் அவளுடைய கோப்பு முடித்துவைக்கப்பட்டது என்பதைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. தாளில் முடிவதும் வாழ்க்கையில் முடிவதும் ஒன்றல்ல என்று தேநீர்க் கோப்பையுடன் நின்ற ஒருவர் எனக்கு 1997லேயே காட்டியிருந்தார். இந்த 20 ஆண்டுகளுக்கு மேலான பணியில், ஒரு குழந்தையின் கோப்பு என் கையை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். சாதனை என்று மலர்க் குழுவுக்கு என்னால் எழுதித்தர முடிவது இது ஒன்றுதான்.

ஊரிலேயே இருந்துவிட்ட நம் தோழர்களின் பெயர்கள் இந்த மலரில் முதலில் வர வேண்டும் என்று விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது எங்கள் வகுப்பிலிருந்து நான்கு பேர் நாகப்பட்டினத்தில் மாதக்கணக்கில் தங்கி, பிள்ளைகளை இழந்தவர்களுடன் உட்கார்ந்திருந்தார்கள். நான் லண்டனில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். மூளைச்சாவு அடைந்த மகனின் அருகே நிற்கும் பெற்றோரிடம், அவர்கள் அழுது ஓயும்வரை காத்திருந்து, அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலை அவளுடையது. மேடத்தின் கடைசி நாட்களில் வாரந்தோறும் போய்ப் பார்த்தவளும் அவளே.

நான் வெளிநாடு கிளம்பியபோது என் பொறுப்பில் இருந்த குடும்பங்கள் அனைத்திடமும் நேரில் போய் விடைபெற்றேன். மேடத்திடம் மட்டும் சொல்லவில்லை. "உன் இடத்துக்கு யாரும்மா வர்றாங்க?" என்று கேட்பார் என்று தெரியும். அந்த இடத்துக்கு யாரும் வரப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். போன பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். எழுதாத ஆண்டுகள் கூடக்கூட எழுதுவது கடினமாயிற்று. 2016இல் ஒரு திருமணத்துக்காகச் சென்னை வந்தபோது வாடகைக் கார் நம் பள்ளி இருக்கும் காசா மேஜர் சாலை வழியாகப் போனது. மேடம் ஓய்வுபெற்றுப் புரசைவாக்கத்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். முகவரியும் கைப்பையில் இருந்தது. ஓட்டுநர், "வேற எங்கயாச்சும் போகணுமாம்மா?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது, நேரே மண்டபத்துக்கே போங்கள் என்றேன்.