சேர்வராயன் காட்டுத்தீயும் 865 கிலோமீட்டரும்

மாசி பாதி போனதுமே சேர்வராயன் மலைச்சரிவு காய ஆரம்பித்துவிடும். பங்குனியில் சருகு மிதித்தால் நொறுங்கும். அந்த நேரத்தில் எங்கேயாவது தீ பிடித்தால், அதைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களில் ஒருவர் மலையிலேயே இல்லை. 830 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறார். சுவோமி என்பிபி என்ற அமெரிக்க செயற்கைக்கோள் பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒரு தடவை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை வாக்கில் ஒரு தடவை நம் பக்கம் வந்து போகும். அதிலுள்ள கருவி தரையை 375 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் பக்கத்துக் கட்டங்களைவிடச் சூடாக இருக்கிறது என்று குறிக்கும். டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் அந்தப் புள்ளிகளை வாங்கி, வனத்துறை ஆட்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. ஏற்காட்டு மலையில் தீ என்றால் சேலத்துக்குத் தகவல் வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

2007 ஜனவரி 11 அன்று சீனா தன்னுடைய பழைய வானிலை செயற்கைக்கோளான ஃபெங்யுன்-1சியை ஏவுகணையால் அடித்து நொறுக்கியது. அடித்த உயரம் சுமார் 865 கிலோமீட்டர். சுவோமி போகும் பாதைக்கும் அதற்கும் உயரத்தில் இடைவெளி, சேலத்திலிருந்து ஏற்காடு போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளுக்கு எண் போட்டுப் பின்தொடர்ந்தார்கள். எண் போட முடியாத பொடிசுகள் தனி. பெரும்பகுதி இன்றும் மேலேதான் சுற்றுகிறது.

செயற்கைக்கோள் சுடுவதைப் பற்றிப் பேசும்போது யார் சுட்டார், யாரை மிரட்ட என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது எத்தனை கிலோமீட்டரில் என்பதைத்தான். 300 கிலோமீட்டரில் காற்று கொஞ்சமாவது இருக்கிறது. துண்டு அதில் உரசி வேகம் இழந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ இறங்கி எரிந்துவிடும். 500 என்றால் வருடக்கணக்கு. 1985 செப்டம்பர் 13 அன்று அமெரிக்கா எஃப்-15 விமானத்திலிருந்து ஏவுகணை விட்டு சோல்விண்ட் என்ற செயற்கைக்கோளை உடைத்தது ஏறக்குறைய 555 கிலோமீட்டரில். எண் போட்ட துண்டுகளில் கடைசி ஒன்று இறங்க 2004 ஆனது. 865இல் உடைத்தால் நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்கும்.

இதை யாரும் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். செலஸ்டிராக் இணையதளத்தில் பதிவு எதுவும் செய்யாமலே சுற்றுப்பாதைத் தரவை எடுக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி எண்கள் வரும். முதல் வரியில் 99025 என்று தொடங்கும் குறி இருந்தால் அது ஃபெங்யுன் குடும்பம்: 1999இல் 25ஆவதாக ஏவப்பட்டது என்று அர்த்தம். 2019இல் நாம் உடைத்த நம் மைக்ரோசாட்-ஆருக்கு 19006. ரஷ்யா உடைத்த காஸ்மோஸ் 1408க்கு 82092. இரண்டாம் வரியின் கடைசியில் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். 1440ஐ அதனால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று கிடைக்கும். உயரத்துக்குக் கணக்குப் போட நேரமில்லை என்றால் இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 16 சுற்று என்றால் சராசரி உயரம் 275 கிலோமீட்டர் பக்கம், 15 என்றால் 565, 14 என்றால் 895. சராசரி என்பதைக் கவனியுங்கள். உடைந்த துண்டின் பாதை வட்டமாக இருக்காது. ஒரு முனை தாழ்ந்தும் மறுமுனை எகிறியும் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில்தான் பாதிச் சண்டையே நடக்கிறது, பின்னால் வருகிறேன்.

சுடுவது எப்படி? செயற்கைக்கோள் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் போகிறது. அதை விரட்டிப் பிடிக்க ஏவுகணையால் ஆகாது, அவசியமும் இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் பஸ்ஸைத் துரத்தாமல் குறுக்கு வழியில் ஏறி அடுத்த கொண்டை ஊசி வளைவில் நடுரோட்டில் நிற்பது மாதிரி. முதலில் ராடார் வைத்து இலக்கின் பாதையைத் திரும்பத் திரும்ப அளப்பார்கள். அது தலைக்கு மேல் வரும் சில நிமிடங்களுக்குள் எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்று கணக்கு. திட எரிபொருள் அடுக்குகள் எரிந்து விழுந்த பிறகு, நுனியில் இருக்கும் கொல்லும் பகுதி மட்டும் தனியே பிரியும். அதில் வெடிமருந்து தேவையில்லை. அகச்சிவப்புக் கண் ஒன்று இலக்கின் சூட்டைப் பார்க்கும். பக்கவாட்டுச் சிற்றுந்திகள் அதை இப்படி அப்படி நகர்த்தும். அந்த உந்திகளுக்கு எரிபொருள் கொஞ்சம்தான். தரையிலேயே கணக்கு பிசகியிருந்தால் கடைசி நொடிகளில் அதைச் சரிக்கட்ட முடியாது. ஒரு நொடி தப்பினால் ஏழரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். ஆயிரத்தில் ஒரு நொடி தப்பினாலே ஏழரை மீட்டர். சூரியன் கொஞ்சம் சீறினாலும் மேல்வளி மண்டலம் உப்பி, இலக்கு எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. அதனால் நேற்றைய ராடார் அளவை நம்பி இன்று சுட முடியாது.

மோதல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கிராம் கணக்கு. மோதும் வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர் என்றால், ஒரு கிராம் உலோகத் துணுக்கின் ஆற்றல் 50 ஆயிரம் ஜூல். ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள பைக் ஓமலூர் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இடிப்பதும் அதே அளவுதான். ஒரு கிலோ துண்டு என்றால் 12 கிலோ டிஎன்டி வெடிமருந்து.

இதுவரை நான்கு நாடுகள் இப்படி செயற்கைக்கோளை உடைத்திருக்கின்றன. நான்கும் உடைத்தது தங்கள் சொந்தப் பொருளை. பாதை அத்துப்படி, எரிபொருள் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும், தப்பித்து ஓடாது. கேள்வித்தாளைத் தானே தயாரித்துத் தானே எழுதும் பரீட்சை. உண்மையான சண்டையில் எதிரியின் செயற்கைக்கோள் பாதையை மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை அடித்தால் பத்து இருக்கும். ஆகவே இந்தச் சோதனைகளை முதலில் கடிதமாகத்தான் வாசிக்க வேண்டும், ஆயுதம் என்பது அதற்குப் பிறகு.

2008 பிப்ரவரியில் அமெரிக்கா எழுதிய கடிதம் சுவாரசியமானது. கட்டுப்பாடு இழந்து விழுந்துகொண்டிருந்த உளவு செயற்கைக்கோளில் 450 கிலோ ஹைட்ரசின் எரிபொருள் இருக்கிறது, விஷம், தரையில் விழுந்தால் ஆபத்து என்று சொல்லி, போர்க்கப்பலிலிருந்து சுட்டார்கள். சீனா சுட்டு 13 மாதம்தான் ஆகியிருந்தது. விஷம் உண்மையாக இருக்கலாம், தேதியும் உண்மை. ஆனால் 250 கிலோமீட்டருக்குக் கீழே சுட்டதால் எண் போட்ட துண்டுகள் எல்லாம் 2009க்குள் விழுந்து தீர்ந்தன. சாக்கு ஒன்றாக இருந்தாலும் உயரத்தைத் தேர்ந்ததில் அக்கறை தெரிந்தது.

நம் கடிதம் 2019 மார்ச் 27. அதற்கு முன்னால் இரண்டு தேதிகள். ஜனவரி 20 அன்று திருச்சியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கி வைத்தார்கள். சேலம் அதன் ஐந்து முனைகளில் ஒன்று. நான்கு நாள் கழித்து, 24ஆம் தேதி, பிஎஸ்எல்வி-சி44 கிளம்பியது. நம் ஊர்ப் பத்திரிகைகள் எல்லாம் அதில் போன மாணவர்களின் கலாம்சாட்டைப் பற்றித்தான் எழுதின. முக்கியப் பயணி 740 கிலோ மைக்ரோசாட்-ஆர். இரண்டு மாதத்தில் அதை நோக்கி ஏவுகணை கிளம்பிய இடம் ஒடிசாவின் அப்துல் கலாம் தீவு. கலாம் பெயரோடு மேலே போனது ஒன்று, கலாம் பெயர் வைத்த தீவிலிருந்து கிளம்பிப் போனது ஒன்று.

சுட்ட உயரம் 280 கிலோமீட்டரை ஒட்டி. தேர்ந்தது சரியான உயரம்தான். ஆனால் 45 நாளில் எல்லாம் விழுந்துவிடும் என்று, ஏவுகணையைச் செய்த பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ சொன்னது சரியாக வரவில்லை. ஏன் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வட்டப்பாதையில் போகும் துண்டுக்கு மோதலில் நொடிக்கு 100 மீட்டர் கூடுதல் வேகம் கிடைத்தால், பூமியின் மறுபக்கத்தில் அதன் உயரம் சுமார் 345 கிலோமீட்டர் ஏறிவிடும். ஊஞ்சலைக் கீழே வரும்போது ஒரு தள்ளு தள்ளினால் எதிர்ப்பக்கம் எகிறுகிற மாதிரி. தாழ்ந்த முனை 280லேயே இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே காற்றில் உரசும், ஆனால் சிறிது நேரம்தான். ஆக இறங்கும், தாமதமாக இறங்கும். அன்றைய நாசா தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டைன், சர்வதேச விண்வெளி நிலையத்தைவிட உயரமாக 24 துண்டுகள் போய்விட்டன என்று கடிந்துகொண்டார். எண் போட்ட துண்டுகளில் கடைசி ஒன்று விழ 2022 ஆகிவிட்டது. 45 நாளில் பெரும்பாலானவை விழும் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. எல்லாம் என்ற ஒரு சொல்தான் மாட்டிவிட்டது.

பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்த அந்த நாளில் சேலம் தொகுதியில் வேட்புமனுப் பரிசீலனை நடந்துகொண்டிருந்தது. தேர்தல் நடத்தை விதி மார்ச் 10 முதலே அமலில் இருந்தது. புகார் போனது, விதிமீறல் இல்லை என்று தேர்தல் ஆணையம் முடித்தது. உள்ளூர் அரசியல் அவ்வளவுதான். வெளியுலக அரசியல் இன்னும் பழையது. 1967 ஜனவரி 1க்கு முன் அணுகுண்டு வெடித்தவர்களை மட்டும் அணு ஆயுத நாடு என்று ஒப்புக்கொள்வது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். இந்தியா வெடித்தது 1974இல். ஏழரை வருடம் தாமதமாக வந்ததற்கு முப்பது வருடத்துக்கும் மேல் அணுசக்தி வணிகத்தின் வாசலில் நின்றோம். விண்வெளியிலும் நாளைக்கு ஒருவர் கோடு கிழித்து, இதுவரை சுட்டவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே என்று சொல்லிவிட்டால்? 2007க்குப் பிறகு டெல்லியில் பலருக்கு இருந்த கவலை இதுதான். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1967 விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதையில் அணு ஆயுதமும் பேரழிவு ஆயுதமும் வைக்கக் கூடாது என்கிறது. கீழிருந்து ஒரு உலோகக் கட்டியை அனுப்பி இடிப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1972 பொறுப்பு ஒப்பந்தம் இன்னும் வேடிக்கை. ஃபெங்யுன் துண்டு ஒன்று ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் விழுந்து கூரையை உடைத்தால் சீனா எந்தக் கேள்வியும் இல்லாமல் நஷ்டஈடு தர வேண்டும். 1978இல் சோவியத்தின் அணு உலை செயற்கைக்கோள் கனடாவில் விழுந்ததற்கு மாஸ்கோ 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. ஆனால் அதே துண்டு மேலே சுவோமியில் இடித்தால், அது யாருடைய துண்டு என்று காட்ட வேண்டும், அவர்கள் தவறு செய்தார்கள் என்று நிரூபிக்கவும் வேண்டும். ஒரு செண்டிமீட்டர் துணுக்கில் யார் பெயர் எழுதியிருக்கிறது?

2021 நவம்பரில் இது கண்முன்னே தெரிந்தது. 10ஆம் தேதி விண்வெளி நிலையம் தன் பாதையைச் சற்று மாற்றிக்கொண்டது, 14 வருடம் முந்தைய ஃபெங்யுன் துண்டுக்கு வழிவிட. 15ஆம் தேதி ரஷ்யா காஸ்மோஸ் 1408ஐ சுமார் 480 கிலோமீட்டரில் உடைத்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் துண்டுகள். நிலையத்தில் இருந்த ஏழு பேரும் திரும்பும் கலங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அதில் இருவர் ரஷ்யர்கள்.

மூன்று மாதம் கழித்து உக்ரைன் போர் தொடங்கிய அன்று வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையத்தை முடக்கினார்கள். தரையிலுள்ள மோடம்களை இணையம் வழியே கெடுத்ததே போதுமாக இருந்தது. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் சேர்த்துப் போனது. ஒரு துண்டுகூடச் சிதறவில்லை. போரில் வேலைக்கு ஆவது இந்த வழி. நம் மொட்டை மாடி டிஷ் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறதே, அது பார்க்கும் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இதுவரை யாரும் எதையும் உடைத்ததில்லை. அங்கே உடைத்தால் இறங்கவே இறங்காது.

2022 ஏப்ரலில் அமெரிக்கா, இனி இப்படி உடைக்கும் சோதனை செய்யமாட்டோம் என்று அறிவித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பின்னால் சேர்ந்துகொண்டன. அந்த வருட டிசம்பரில் ஐநா பொதுச்சபையில் அதையே தீர்மானமாகக் கொண்டுவந்தபோது 155 நாடுகள் ஆதரவு. சீனா, ரஷ்யா உட்பட ஒன்பது எதிர்ப்பு. ஒன்பது வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியதில் இந்தியாவும் உண்டு. தன்னிச்சையான வாக்குறுதி போதாது, சட்டப்படி கட்டுப்படுத்தும், சரிபார்க்கத்தக்க ஒப்பந்தம் வேண்டும் என்பது நம் பழைய நிலைப்பாடு. காகிதத்தில் அது சரி. ஆனால் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று சுட்டோம், உள்ளே வந்துவிட்டோம். இனி ஒருமுறை சுட்டுக் காட்ட நமக்கு எதுவும் பாக்கி இல்லை. இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களை வருடத்துக்குப் பல தடவை குப்பைக்கு வழிவிட்டு நகர்த்திக்கொண்டிருக்கிறது. சேர்வராயன் காட்டின் பரப்பை அளந்து சொல்லும் ரிசோர்ஸ்சாட்-2 இருப்பதும் 817 கிலோமீட்டரில், அதே நெரிசலில். உறுதிமொழி கொடுத்தால் நமக்குச் செலவு ஒரு கையெழுத்து. ஒப்பந்தப் பேச்சை அதற்குப் பிறகும் தொடரலாம். ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை.